பிகோனியாவுக்கு அவர் தேடிய மண்

என் கணவர் ஏற்காட்டுக்கும் மஞ்சக்குட்டைக்கும் இடையே ஜீப் ஓட்டுபவர். காலையில் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வீடு. ஞாயிற்றுக்கிழமை சும்மா இருப்பார் என்று பார்த்தால் ஜீப்பின் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு எதையாவது துடைத்துக்கொண்டிருப்பார். உட்கார்ந்து சாப்பிடுவதற்கே பொறுமை கிடையாது. அப்படிப்பட்டவர் ஒரு மழைக்காலத் தொடக்கத்தில் கூரையில் உடைந்த ஓடுகளை மாற்ற ஏறினார். பாசியில் கால் வழுக்கிக் கீழே விழுந்ததில் இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. சேலத்தில் ஆபரேஷன் முடிந்தது. மாதக்கணக்கில் ஓய்வு வேண்டும் என்று சொல்லி அனுப்பிவைத்தார்கள்.

ஹாலில் ஜன்னலை ஒட்டிக் கட்டிலைப் போட்டோம். மகள் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். நான் இங்கே ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்க்கிறேன். நான் இல்லாத நேரத்தில் பக்கத்து வீட்டு அக்கா வந்து எட்டிப் பார்த்துக்கொள்வார். எஸ்டேட்டில் காப்பி வேலைக்குப் போகிறவர். மத்தியானச் சாப்பாட்டுக்கு வரும்போது இவருக்கும் பரிமாறிவிட்டுப் போவார்.

அந்த நாட்களில் அவர் பேசுவதையே விட்டுவிட்டார். நண்பர்களின் போனை எடுப்பதில்லை. ரோட்டில் ஜீப் ஹாரன் கேட்டால் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். வாக்கரைப் பிடித்துக்கொண்டு தினமும் கொஞ்சம் நடக்கச் சொல்லியிருந்தார்கள். கட்டிலிலிருந்து பாத்ரூம் வரைக்கும் நடப்பார், அதற்கு மேல் ஓரடி வைக்க மாட்டார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

எங்கள் பள்ளியில் வேலை பார்த்த டீச்சர் ஒருவர் வேலையை விட்டுவிட்டுச் சென்னைக்குக் குடிபோனார். போகும்போது தன் வீட்டிலிருந்த பிகோனியாத் தொட்டியை என் மேஜையில் வைத்தார். "கீழ சூட்டுக்கு இது தாங்காதுங்க. உங்க ஊட்டுல இருக்கட்டும்" என்றார். உள்ளங்கை அகலத்துக்கு இலைகள். நடுவே வெள்ளி பூசினாற்போல் இருக்கும், ஓரத்தில் திராட்சை நிறம். இலையைத் திருப்பினால் அடிப்பக்கம் முழுக்கச் சிவப்பு. சுவரையும் பனிமூட்டத்தையும் தவிரப் பார்ப்பதற்கு இன்னொன்று கிடைக்கட்டுமே என்று அதை அவர் ஜன்னலில் வைத்தேன். அவர் கண்டுகொண்டதாகவே தெரியவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் நான் உள்ளே நுழைந்ததும் அவரே பேசினார்.

"ஏம்புள்ள, அந்தச் செடி செத்துக்கிட்டு இருக்குது, பாத்தியா?"

"தெனமும் தண்ணி ஊத்தறனுங்க."

"அதனாலதான் சாவுது. வெரல வெச்சுப் பாரு."

வைத்துப் பார்த்தேன். சகதி. டீச்சர் நம் மலைச் செம்மண்ணை அப்படியே நிரப்பி நட்டிருந்தார். வெளியே தோட்டத்தில் அந்த மண் நன்றாகத்தான் இருக்கிறது. வீட்டுக்குள், வெயில் படாத தொட்டியில், அது களியாக இறுகிவிட்டது. அவர் போர்வையின் மேல் செய்தித்தாளை விரிக்கச் சொன்னார். செடியை மெல்லக் கவிழ்த்தோம். புளித்த வாடை வந்தது. வேர்கள் பழுப்பாகி, தொட்டால் வழுக்கின. அழுகியதையெல்லாம் அவரே கத்தரிக்கோலால் வெட்டினார். ஒரு துண்டு தண்டும் இரண்டு இலையும்தான் மிஞ்சின. கீழே விழுந்த மண்ணை வெகுநேரம் விரலால் பிசைந்துகொண்டிருந்தார்.

மறுநாள் கடைவீதி நர்சரியில் தொட்டி மண் ஒரு பை வாங்கி வந்தேன். கறுப்பாக, லேசாக, பார்க்கவே அழகாக இருந்தது. நட்டு வைத்தோம். ஆனால் அது தொடர்ந்து பனிமூட்டம் இறங்கிய சமயம். அவர் படுத்தபடியே தொட்டியை எடுத்து நெஞ்சின் மேல் வைத்துக் கனம் பார்ப்பார்.

"முந்தாநாள் இருந்த கனம் அப்படியே இருக்குது. பூராவும் தேங்கா நாரு. குடிச்ச தண்ணிய விடவே மாட்டேங்குது."

பக்கத்து வீட்டு அக்கா தன் பங்குக்கு எஸ்டேட்டிலிருந்து காப்பித்தோல் உரம் கொண்டுவந்தார். அதைக் கலந்த இரண்டாம் நாளே பொடி ஈக்கள் கிளம்பி அவர் முகத்தைச் சுற்றத் தொடங்கின. அக்காவுக்குச் சங்கடமாகிவிட்டது.

"ஏனுங்கண்ணா, காப்பிச் செடிக்கு இதத்தானுங்க போடறோம். நொம்ப நல்லா வருதுங்களே."

"அது வெளிய நிக்கற செடிங்கம்மா. ஊட்டுக்குள்ள அடஞ்சு கெடக்கறவங்களுக்கு இத்தன சத்து செரிக்காதுங்க. எனக்கே செரிக்கறதில்ல."

அக்கா சிரித்தார். அவரும் சிரித்தார். விழுந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் அவர் சிரித்துப் பார்த்தேன்.

அதன் பிறகு வேறு வழியில் போனார். வாசலில் சும்மா நின்ற தன் ஜீப்பிலிருந்து, பயணிகள் விட்டுப்போன தண்ணீர் பாட்டில்களை எடுத்துவரச் சொன்னார். பாதியாக வெட்டி, காய்ச்சிய ஆணியால் அடியில் ஓட்டை போட்டு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு கலவையை நிரப்பினார். எல்லாவற்றுக்கும் ஒரே டம்ளரால் தண்ணீர் ஊற்றினார். பாட்டில் கண்ணாடிபோல் இருந்ததால் உள்ளே நடப்பதெல்லாம் தெரிந்தது. ஒன்றில் தண்ணீர் மேலேயே குளமாக நின்றது. மணல் அதிகமாகப் போட்டதில் சல்லென்று ஓடிவிட்டது. நான் வேலைக்குப் போனபின் பகல் முழுக்க அவற்றையே பார்த்துக்கொண்டிருப்பார் போலிருக்கிறது. சாயங்காலம் வந்ததும் எது எங்கே காய்ந்தது, எது காயவில்லை என்று சொல்வார். கட்டிய நாளிலிருந்து பரபரப்பாகவே பார்த்த மனிதர். இவ்வளவு நிதானம் இவருக்குள் எங்கே இருந்தது என்று நான் வியந்துபோனேன்.

மண்ணுக்கு நடுவே காற்றுப் போக இடம் வேண்டும் என்று கண்டுபிடித்துவிட்டார். அதற்காக ஓட்டுத் துண்டுகளைப் பொடியாக்கித் தரச் சொன்னார். வீட்டுக்குப் பின்னால், அவர் விழுந்த அன்று அவரோடு விழுந்து நொறுங்கிய ஓடுகள் கிடந்தன. அவற்றைத் தொடவே எனக்கு மனசு வரவில்லை.

"வேற ஓடு வாங்கி ஒடச்சுக்கலாங்க."

"அது என்ன பண்ணுச்சு? வழுக்குனது நானு. எடுத்துட்டு வா."

ஜல்லியைவிடப் பொடியாக இடித்துச் சலித்துக் கொடுத்தேன்.

அடுத்தது இலை மட்கு. பின்புறச் சரிவில் சில்வர் ஓக் மரங்கள் நிற்கின்றன. அடியிலிருந்து ஒரு கூடை அள்ளி வந்தேன். "இது வெறுஞ்சருகு. மக்கவே இல்ல" என்றார். தோண்டி இன்னொரு கூடை கொண்டுவந்தேன். "இதுல பாதி செம்மண்ணு." மூன்றாவது தடவை நான் கூடையைத் தூக்கியபோது கட்டிலின் ஓரத்தில் கை ஊன்றி எழுந்துவிட்டார்.

"வாக்கர எடு. நானே வர்றேன்."

வாக்கரை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். ஏதாவது சொன்னால் மறுபடி படுத்துவிடுவாரோ என்று பயம். பின்வாசல் படியில் நின்று மூச்சு வாங்கினார். நனைந்த தரையில் வாக்கரை ஒவ்வொரு முறையும் அழுத்திப் பார்த்து ஊன்றி, பிறகே காலை எடுத்து வைத்தார். நெற்றியெல்லாம் வேர்வை. குனிய முடியாததால் ஒரு பாறையில் சாய்ந்து நின்று, எங்கே அள்ளுவது என்று கையைக் காட்டினார். மேல் சருகை விலக்கி, செம்மண் தொடங்குவதற்கு முன்னால் இருந்த கறுப்பு அடுக்கை மட்டும் அள்ளிக் கொடுத்தேன். உள்ளங்கையில் உதிர்த்து முகர்ந்தார்.

"இதுதான் புள்ள."

கீழே ரோட்டில் போன ஜீப் ஒன்று நின்றது. ஓட்டியவர் அவருடைய கூட்டாளி. தலையை வெளியே நீட்டி, "என்ன மாப்ள, எந்திரிச்சாச்சா?" என்று கத்தினார். இவர் மட்கு ஒட்டிய கையை உயர்த்திக் காட்டினார். நான் கூடையைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பாதிக்குப் பாதி சலித்த மட்கு, பலமுறை அலசிய தேங்காய் நார்த்தூள் கொஞ்சம், ஓட்டுப் பொடி, ஒரு பிடி கரித்தூள். ஈரமாக்கிக் கையில் பிடித்தால் கொழுக்கட்டைபோல் நிற்க வேண்டும். விரலால் தொட்டதும் உதிர வேண்டும். அந்தப் பதம் வரும்வரை அளவை மாற்றிக்கொண்டே இருந்தார். வந்ததும் அகலமான, ஆழமில்லாத தொட்டியில் செடியை நட்டார்.

சில வாரங்கள் கழித்து ஆபீசுக்கு அவரிடமிருந்து போன் வந்தது.

"வந்துருச்சு."

"யாருங்க?"

"எலை."

வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். தண்டின் நடுவே சுருண்ட விரல்போல, ரோஸ் நிறப் பூனைமுடியோடு ஒரு குருத்து எழும்பியிருந்தது.

இப்போது அவர் மறுபடி ஜீப் ஓட்டுகிறார். நடையில் ஒரு பக்கம் லேசாகச் சாயும், அவ்வளவுதான். இலையை வெட்டி வைத்தே முளைக்கவைக்கக் கற்றுக்கொண்டார். அந்த ஜன்னலில் இப்போது கை வைக்க இடமில்லை. யாராவது செடி கேட்டால் கலந்த மண்ணும் ஒரு பை சேர்த்துத்தான் கொடுப்பார். மண் வேண்டாம் என்பவர்களுக்குச் செடியும் கிடையாது.

போன வாரம் செம்மநத்தத்துக்கு ஒரு சவாரி போயிருக்கிறார். வழியில் ஒரு பலாமரத்தடியில் நல்ல மட்கைப் பார்த்ததும், ஆட்கள் நிறைந்த ஜீப்பை நிறுத்தி இறங்கிவிட்டாராம். நேரமாகிறது என்று பின்சீட்டில் இருந்தவர்கள் முணுமுணுத்திருக்கிறார்கள். முன்சீட்டில் இருந்த அம்மா மட்டும் இறங்கி வந்து, "நான் புடிக்கறனுங்க, நீங்க அள்ளுங்க" என்று சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டாராம். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் கைகூடக் கழுவாமல் அந்தச் சாக்கை என் முன்னால் பிரித்தார். ஒரு பிடி அள்ளி என் கையில் வைத்துவிட்டு, நான் என்ன சொல்கிறேன் என்று காத்துக்கொண்டு நின்றார்.