பினாயில் ஊற்றியது யார்?

எண்பதுகளின் கடைசியில், கல்யாணமாகி ராஜபாளையத்திலிருந்து மகாராஜபுரத்துக்கு வாழ வந்த மூன்றாவது மாதம் நடந்தது இது. என் அப்பாவுக்கு மில் வேலை. தினமும் பினாயில் போட்டுத் தரை கழுவாவிட்டால் அம்மாவுக்குச் சோறு இறங்காது. அந்தச் சுத்தத்தையும் சீரோடு சீராகக் கட்டிக்கொண்டு வந்திருந்தேன்.

புகுந்த வீட்டில் ஆறு மாடு. பால் அத்தனையும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு, பால்கோவா கிண்டப் போய்விடும். கொல்லையில் சாண எரிவாயுக் கலன் இருந்தது. சாணத்தைத் தண்ணீரில் கரைத்துத் தொட்டியில் ஊற்றினால், உள்ளே புளித்து வாயு கிளம்பி, மேலே கவிழ்த்திருக்கும் இரும்பு டிரம் மெல்ல எழும்பும். அந்த வாயுவுக்கு மீத்தேன் என்று பெயர் என்பதே பின்னாளில்தான் எனக்குத் தெரியும். எங்களுக்கு அது சாண கேஸ்.

அதைக் கட்டியதே ஒருத்தருக்காகத்தான். என் கணவரின் அண்ணன் மனைவிக்கு இளைப்பு. விறகுப் புகை பட்டால் மூச்சு வாங்கும். பட்டாளத்தில் இருந்த அவருடைய கணவர், லீவில் வந்த இரண்டு மாதமும் ஒரு கல்யாணம் காட்சிக்குப் போகாமல் தானே குழி வெட்டி, கொத்தனாரை வைத்துப் பெண்டாட்டிக்காகக் கட்டிக்கொடுத்துவிட்டுப் போனாராம். ஊரே கேலி செய்ததாம். அதைக் கேட்டபோது எனக்கு அந்த அக்கா மேல் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

நல்ல பெயர் வாங்கும் ஆசையில் மாட்டுத் தொழுவத்தைக் கழுவ ஆரம்பித்தேன். பினாயிலைத் தாராளமாக ஊற்றித்தான். கழுவின தண்ணீரை வீணாக்குவானேன் என்று அதிலேயே சாணத்தைக் கரைத்துத் தொட்டியிலும் விட்டேன். எவ்வளவு கெட்டிக்காரி பாருங்கள்!

அடுத்த வாரம் டிரம் எழும்பவில்லை. அடுப்பில் நீலச் சுடர் பொட்டளவு சுருங்கி அணைந்தது. மார்கழிக் குளிருக்கு அப்படித்தான் என்றார்கள். விறகடுப்பை மூட்டினோம். நான் ஊதப் போனாலும் அக்கா விடவில்லை. புதுப்பெண் கண்ணெரிய நிற்கக் கூடாதாம். மூன்றாம் நாள் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் மூச்சு விட்டார்.

கலனைக் கட்டிய கொத்தனாரை வரவழைத்தார்கள். தொட்டியிலிருந்த சாணக் குழம்பை மோந்து பார்த்தவர், "தொழுவத்துல பினாயில் ஊத்துனது யாரு? கேஸ் உண்டாக்குற பூச்சி அம்புட்டும் செத்துருக்குமே" என்றார்.

மாமியார் எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார் என்று எழுத ஆசைதான். உண்மை அதுவல்ல. நான் வாயைத் திறக்கவே இல்லை.

"நாந்தான் அத்தை. தெரியாமப் போச்சு" என்றார் அக்கா, இரைத்துக்கொண்டே.

"ஒம் புருசன் ஒனக்காக வெட்டுன குழியில நீயே மண்ணள்ளிப் போட்டுட்டியேட்டி!" என்று மாமியார் பிடித்துக்கொண்டார். அக்கா தலை குனிந்தபடி எல்லாவற்றையும் கேட்டார்.

அடுப்படியில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க?"

"ஏட்டி, நீ வந்து மூணு மாசந்தான் ஆகுது. ஒனக்கு மொதப் பேரே இதுவா அமையணும்? எனக்குப் பத்து வருசத்துப் பேரு இருக்கு. கொஞ்சம் கொறைஞ்சா கொறைஞ்சிட்டுப் போகுது."

அதற்கு மேல் மனசு கேட்கவில்லை. நேரே மாமியாரிடம் போய் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அக்காவோ, "நான் சொன்ன ஒரு பொய்யையும் கெடுத்துட்டியே" என்று சிரித்தார். கொத்தனார் சொன்னபடி கெட்டுப்போன குழம்பில் பாதியை வாளி வாளியாக நானே அள்ளிக் கொட்டினேன். பிளவக்கல் பக்கம் ஒரு வீட்டில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த கலனிலிருந்து குழம்பு வாங்கி வந்து ஊற்றினோம். விறகடுப்புப் பக்கம் அக்காவை அண்டவே விடவில்லை. டிரம் மறுபடி எழும்ப இருபது நாளுக்கு மேலாயிற்று.

நன்றாக மூச்சு விட்டுக்கொண்டிருந்த எனக்கு அன்று அந்த ஒரு வார்த்தை வரவில்லை. மூச்சுக்கே திணறிக்கொண்டிருந்தவர் எனக்காக அதைச் சொன்னார்.