கறுப்பு வெள்ளை ஃபிளெக்ஸ்

அப்பாவின் பணி ஓய்வு விருந்துக்காகத் திருப்பரங்குன்றத்தில் எங்கள் தெருமுனையில் ஒரு ஃபிளெக்ஸ் வைத்தோம். படம் அம்மாவின் தேர்வு. கல்யாணமான புதிதில் அப்பா ஸ்டுடியோவில் எடுத்துக்கொண்ட கறுப்பு வெள்ளைப் படம்.

"இதுலதான் ஒங்கப்பா அம்சமா இருக்காரு" என்றார் அம்மா. அதற்கு மேல் அப்பீல் ஏது?

மதுரைக்காரர்கள் ஃபிளெக்ஸைப் படிப்பதில்லை, பார்ப்பதோடு சரி. கலர் படமும் கும்பிட்ட கையும் என்றால் காதுகுத்து, கல்யாணம். கறுப்பு வெள்ளை என்றால் ஆள் போய்விட்டார். 'பணி நிறைவு வாழ்த்துகள்' என்று முழ நீளத்துக்கு எழுதி என்ன புண்ணியம்?

அவனியாபுரத்தில் அப்பாவின் பள்ளிக்கூடத்து நண்பர் ஒருவர் இருக்கிறார். என் கல்யாணத்திலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. நம்ம பயதானே என்று அப்பா பத்திரிகையை வாட்ஸப்பில் அனுப்பிவிட்டார். அதே பத்திரிகைதான். ஆனால் வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்து, நேரில் வந்து நீட்டாதது அவருக்கு அழைப்பாகவே படவில்லை. கல்யாணத்துக்கு வரவில்லை; போனையும் எடுக்கவில்லை. விருந்துக்காவது கூப்பிடலாமே என்று சொல்லிப் பார்த்தேன். "வரமாட்டான், விடு" என்று அப்பா பாதிச் சாப்பாட்டில் கை கழுவினார். அந்த நட்பு போனதில் அவர் உள்ளுக்குள் நொறுங்கிப்போயிருந்தார்.

விருந்தன்று காலை நான் வாசலில் நின்றிருந்தேன். ஷேர் ஆட்டோவிலிருந்து அந்த நண்பர் இறங்கினார். கையில் ரோஜா மாலை. சாமியானாவையும் பிளாஸ்டிக் நாற்காலிகளையும் ஒரு பார்வை பார்த்தார். நல்லதுக்கும் கெட்டதுக்கும் எங்கள் ஊரில் அதே சாமியானா, அதே நாற்காலிதான். மாலையைத் தோளில் போட்டுக்கொண்டு என்னிடம் இரண்டு கைகளையும் நீட்டினார். துக்க வீட்டில் நீட்டுகிற கை அது.

"மாமா, அப்பா உள்ள..."

"தெரியும்யா. மொகத்தப் பாத்துட்டுப் போறேன்."

அதற்குள் சவரம் செய்த முகத்தைத் துடைத்தபடி அப்பாவே வெளியே வந்தார். நண்பர் பக்கத்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"அடப்பாவி! காலையில பஸ்ஸுல போகையில ஃபிளெக்ஸப் பாத்துட்டு ஓடியாறேன். உசுரோட இருக்கவன் இப்படியாடா படம் போடுவான்?" என்று அழுதுகொண்டே திட்டினார். அம்மா எட்டிப் பார்த்து, "அந்த மாலையோட உள்ள வந்துராதீக அண்ணே!" என்று கத்தினார்.

தட்டு வராததற்காகக் கல்யாணத்தையே ஒதுக்கிய மனிதர், சாவு என்றதும் யாரும் கூப்பிடாமல் ஓடிவந்திருக்கிறார். சாவுக்கு எங்களிடம் அழைப்பு கிடையாது; தெரிந்தால் போய்விட வேண்டும். அந்த வழக்கத்துக்கும், அம்மாவின் பிடிவாதத்துக்கும் நான் இன்றும் நன்றி சொல்கிறேன்.

"பூக்கடையில நிக்க முடியல மாப்ள. எம்புட்டு நாள வீணாக்கிட்டோம்" என்றார் நண்பர்.

அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "இருக்கயிலயே வந்துட்டல்ல? நெசமாவே நான் போற அன்னைக்கு நீ வராட்டியும் எனக்குக் குறையில்லடா."