கால்வாய்ப் படத்தில் ஜெபா போட்ட ரவிக்கை

மாமல்லபுரத்திலிருந்து கோவளம் வரைக்கும் எந்த ஓட்டலில் பழைய காலத்து ஆயில் படம் தொங்கினாலும், முக்கால்வாசி சின்னையன் ஆர்ட்ஸ் சரக்காகத்தான் இருக்கும். சின்னையன் நான்தான். அஞ்சாவதோடு படிப்பு போச்சு. சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க வந்தவன், இன்றைக்கு, மூலப் படத்தை வரைந்தவனே எழுந்து வந்தாலும் எது தன்னுடையது என்று தடுமாறுகிற மாதிரி காப்பி எடுத்துக் கொடுக்கிறேன். பெருமையாகத்தான் சொல்கிறேன். ஆனால் எழுத உட்கார்ந்தது என்னிடம் வேலை செய்யும் ஜெபாவைப் பற்றி.

ஜெபாவுக்குச் சிங்கப்பெருமாள் கோயில் பக்கம். என் அப்பனும் அவள் அப்பனும் அடுத்தவன் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அவள் அங்கே ஒரு கார் கம்பெனியில் பார்ட்ஸ் பேக்கிங் செய்துகொண்டிருந்தாள். கிறிஸ்துமஸ் குடிலுக்கு அவள் வர்ணம் தீட்டிய பொம்மைகளைப் பார்த்துவிட்டு நானே தேடிப்போய்க் கூட்டிவந்தேன். மேய்ப்பன் முகத்தில் தூக்கக் கலக்கம் தெரிந்தது ஐயா! அந்தக் கை யாருக்கு வரும்? எங்கள் கடையில் வானம் ஒருத்தர் போடுவார், தண்ணீர் ஒருத்தர் போடுவார். ஆள் உருவம் என்றால் ஜெபாதான்.

போன தை மாதம் திருவிடந்தைப் பக்கம் ஒரு ரிசார்ட்டிலிருந்து ஆர்டர் வந்தது. பக்கிங்காம் கால்வாய் வெட்டுகிற பழைய அச்சுப் படம். பஞ்சத்தில் கூலிக்கு வந்த ஜனம் கூடை கூடையாக மண் சுமக்கிறது. கரைமேல் குதிரையில் துரை, பின்னால் மதகு. சாப்பாட்டுக் கூடத்துச் சுவர் முழுக்க வேண்டும், அச்சில் இருப்பது அப்படியே வேண்டும் என்றார்கள். அச்சிலும் கேன்வாசிலும் கட்டம் போட்டு, கட்டம் கட்டமாக இறக்குவதுதான் எங்கள் முறை. முடிந்ததும் நான் சரிபார்த்தேன். துரையின் தொப்பியைப் பார்த்தேன், குதிரையின் காலைப் பார்த்தேன், மதகின் பலகையைப் பார்த்தேன். வாங்குகிறவன் அதைத்தான் பார்ப்பான். கூடை சுமந்த பெண்களை நான் பார்க்கவில்லை.

படத் திறப்பு விழாவுக்கு அந்தக் கூடத்திலேயே மதியச் சாப்பாடு; ஜெபாவையும் கூட்டிப்போயிருந்தேன். அலங்காரப் பொறுப்பில் இருந்த விஷாகா என்கிற பெண் என்னிடம் மைக்கைக் கொடுத்தாள். விடுவேனா?

"ஒரு மயிரிழை வித்தியாசம் காட்டுங்க, படத்த இனாமா குடுத்துட்டுப் போறேன்" என்றேன். கைதட்டினார்கள்.

விஷாகா டேப்லெட்டில் அச்சுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "சார், ஒரிஜினல்ல இந்த லேடீஸ் யாரும் பிளவுஸ் போடலையே!"

கூடம் முழுக்கச் சிரிப்பு. அப்போதுதான் பார்த்தேன். அச்சில் ஒற்றைச் சேலையும் வெறும் தோளுமாக நின்ற பெண்கள் எல்லாருக்கும் எங்கள் படத்தில் அளவெடுத்துத் தைத்த மாதிரி ரவிக்கை. ஒருத்திக்கு மஞ்சள், இன்னொருத்திக்குக் கத்தரிப்பூ நிறம்.

பக்கத்தில் நின்ற ஜெபாவிடம், "இன்னாம்மா இது?" என்றேன்.

"சாப்புட வரவங்க பாத்துகினே சாப்புடுவாங்க அண்ணாத்த. அதுங்கள அப்பிடி நிக்க வெக்க எனக்குக் கை வரல. மண்ணு சொமந்தது நம்ம ஜனந்தானே?"

மெதுவாகச் சொன்னாள். எனக்கு மட்டும்தான் கேட்டது. 'நான்தான் போடச் சொன்னேன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மைக் என் கையில்தானே இருந்தது. நான் சொன்னது என்ன தெரியுமா? "படிக்காத பொண்ணு, தெரியாம பண்ணிடிச்சு. இப்பவே சரி பண்ணிடறோம்."

ஜெபா பத்தாவது பாஸ். அஞ்சாவது நான்தான்.

வண்டியிலிருந்து ஏணியும் வர்ணமும் வந்தன. "ஏறும்மா" என்றேன்.

"போட்டு வுட்டது நானு. அவுக்கறத நீயே அவுத்துக்கோ அண்ணாத்த."

ஏறினேன். தோல் நிறத்தைக் குழைத்து மஞ்சள் ரவிக்கைமேல் பூசினேன். கீழே பிரியாணி பரிமாறிக்கொண்டிருந்தார்கள். செல்போனில் வீடியோ எடுத்த ஒருத்தன், "இன்னும் கொஞ்சம் எறக்கு பெருசு!" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை நினைத்தால்தான் உடம்பு கூசுகிறது. ஒருத்தி விடாமல் எல்லாரையும் உரித்துவிட்டுத்தான் இறங்கினேன். ஜெபா எதிர்ச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தாள்.

அதன்பிறகு அவள் வேலைக்கு வரவில்லை. அவள் வீட்டுக்கே போனேன். கம்பெனி பஸ் ஓட்டும் அவள் வீட்டுக்காரன் ஜெயக்குமார்தான் கதவைத் திறந்தான்.

"வா பெருசு. உன் கைவேலைய போன்ல பாத்தேன். சூப்பரா உரிக்கிற!"

"யோவ், சும்மா கெட. வூட்டுக்கு வந்தவர இப்பிடியா பேசறது?" என்று உள்ளேயிருந்து அதட்டிய ஜெபா டீ கொண்டுவந்து கொடுத்தாள்.

எந்த மேடையிலும் திக்காத வாய் இது. மன்னிச்சுக்கோ என்கிற ஒரு சொல் வரவில்லை. "கடைக்கு வாம்மா" என்று மட்டும் சொன்னேன்.

"வரேன் அண்ணாத்த. ஆனா ஆளுங்கள எனக்குக் குடுக்காத. வானம், தண்ணி, மண்ணு, இன்னா வேணா போடறேன்."

வருகிறாள். இப்போது கடலுக்கு நடுவே ரயில் பாலம் கட்டுகிற பழைய படம் ஒன்று கேன்வாசில் இருக்கிறது. ஜெபா அலை போட்டுக்கொண்டிருக்கிறாள். தூண்மேல் நிற்கும் வேலையாட்களின் கட்டங்கள் மட்டும் வெள்ளையாகக் கிடக்கின்றன. வேறு ஆளிடம் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. அவளிடம் கேட்க முகமும் இல்லை.