எல்லா அறையிலும் ஒரே வாடை

என் மனைவிக்கு மூக்கு போய்விட்டது என்பது தெரிவதற்கு முன்னால், அவளுக்கு என்மேல் திடீரென்று மதிப்பு கூடிவிட்டது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பால் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, "இது எப்படி இருக்கு, பாத்துச் சொல்லுங்க" என்பாள். புது சோப்பைப் பிரித்து முகத்துக்கு நேரே நீட்டுவாள். துண்டைக் கொடுத்து, ஈர வாடை இருக்கிறதா என்று கேட்பாள். இத்தனை வருஷத்தில் இந்த வீட்டில் எதைப் பற்றியும் என் அபிப்பிராயத்தைக் கேட்டவள் இல்லை. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனாலும் உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்து போயிருந்தேன்.

ஒருநாள் காலையில் அடுப்பில் பால் தீய்ந்து, புகை கூடம் வரைக்கும் வந்துவிட்டது. அலறிக்கொண்டு ஓடினால், அம்மணி அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து நிதானமாகப் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறாள்.

"ஏம்மா, உனக்கு மூக்கு இருக்கா இல்லையா?" என்று கத்தினேன். கோபத்தில் எல்லாரும் கேட்கிற கேள்விதான். அவள் பேப்பரை மடித்து வைத்துவிட்டு அழ ஆரம்பித்தாள்.

"இல்லைங்க. அந்தக் காய்ச்சல் வந்துச்சே, அதுல போச்சு. இன்னும் திரும்பி வரல."

வேறு யாருக்காவது மூக்கு போனால் சாப்பாட்டில் ருசி போகும், அவ்வளவுதான். இவளுக்குப் போனது பிழைப்பு. முதியோர் இல்லங்களைச் சோதனை போடுகிற அரசாங்க வேலை அவளுடையது. சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்பாள். 'மூக்கு வருது' என்று இல்லக்காரர்கள் ஒருவருக்கொருவர் போன் போட்டுச் சொல்லிக்கொள்வார்களாம். அந்தப் பட்டப்பெயரில் அவளுக்கு ரகசியமாகப் பெருமை உண்டு. வாசலில் நின்று ஒரு மூச்சு இழுப்பாள். படுக்கையில் எவ்வளவு நேரமாக ஈரம் மாற்றவில்லை, யாருக்கு முதுகில் புண், ஃபினாயிலை இன்றைக்கு மட்டும் ஊற்றினார்களா தினமும் ஊற்றுகிறார்களா, எல்லாம் அந்த ஒரு மூச்சில் தெரிந்துவிடும். மெத்தையைத் தூக்கிப் பார்ப்பது, தண்ணீர்க் குவளை கைக்கெட்டுகிறதா என்று பார்ப்பது எல்லாம் அதற்குப் பிறகுதான்.

கடைசியாக ஒரு வேலை செய்வாள். அங்கே இருக்கிற ஊழியர்களை வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்திவிட்டு, கட்டிலில் இருப்பவரிடம், "உங்களுக்கு இங்க என்ன குறை?" என்று கேட்பாள். சாப்பாட்டில் உப்பு இல்லை, அந்த நர்ஸ் சிடுமூஞ்சி, டிவியில் எனக்குப் பிடித்ததைப் போடுவதில்லை என்று பொரிந்து தள்ளினால் அவளுக்குச் சந்தோஷம். அங்கே பயம் இல்லை என்று அர்த்தமாம். 'ஒரு குறையும் இல்லம்மா' என்று சொல்கிறவர்களிடம்தான் அவளுக்குச் சந்தேகம். அந்தப் பதிலைக் கேட்டுவிட்டு வந்த நாட்களில் வீட்டில் சரியாகச் சாப்பிடவும் மாட்டாள்.

எங்கள் வீட்டுப் பின்னறையில் என் அக்கா இருக்கிறாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யார் என்ன கத்தினாலும் ஒரே குரலில் பதில் சொல்லிப் பழகியவள், வீட்டிலும் அந்தக் குரலை மாற்றியதில்லை. விழுந்து இடுப்பு முறிந்த பிறகு எங்களோடு வந்துவிட்டாள். தூக்கி உட்காரவைப்பது, துடைத்துவிடுவது, துணி மாற்றுவது எல்லாம் நான்தான். போன மாதம் என் முதுகு பிடித்துக்கொண்டது. இனிமேல் ஆளைத் தூக்கினால் நீங்களும் பக்கத்துக் கட்டில்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனைவி ஓர் இல்லத்தைச் சொன்னாள். தானே சோதித்து நல்ல மதிப்பெண் போட்ட இடம் என்றாள். அக்காவிடம் சொன்னேன். "சரிப்பா" என்றாள், லைன் கொடுக்கிற அதே குரலில்.

அந்த இல்லத்தைச் சோதித்தபோதே இவளுக்கு மூக்கு போயிருந்தது. பால் தீய்ந்த அன்று அதையும் சொல்லி அழுதாள்.

"ஆபீஸ்ல சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்லணும், சொல்லத்தான் போறேன். அந்த ஹோம்ல மெத்தையெல்லாம் பாத்தேன், சரியாத்தான் இருந்துச்சு. ஆனா எனக்கே நம்பிக்கை வரல. அண்ணியைக் கொண்டு போய் விடறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை வந்து மோந்து பாருங்க. சொந்தக்காரங்களா போய் ரூமைப் பாத்துட்டு வருவோம்."

நான் குடிநீர்க் குழாய்களுக்கு வரைபடம் போட்டே ஓய்வு பெற்றவன். மூக்குக்கு வேலையே இல்லாத உத்தியோகம். ஆனால் அவள் அழுது நான் பார்த்ததே அபூர்வம். சரி என்று கிளம்பிவிட்டேன்.

பஸ்ஸில் எனக்குப் பாடம் நடந்தது. "உள்ள நுழைஞ்சதும் வர்ற முதல் மூச்சுதான் நிஜம். கொஞ்ச நேரம் ஆனா மூக்கு பழகிடும், அப்புறம் எதுவும் தெரியாது. மூத்திர வாடை அடிச்சா பழசா புதுசான்னு சொல்லணும்."

"மூத்திரத்துல பழசு புதுசு எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"பழசு கண்ணைக் கரிக்கும். புதுசுன்னா பரவால்ல, யாருக்கும் எப்பவும் நடக்கறதுதான். பழசுதான் தப்பு."

பக்கத்து சீட்டுக்காரர் எழுந்துபோய் வேறு இடத்தில் உட்கார்ந்துகொண்டார். பேச்சு அப்படி. நான் மடியில் இருந்த துணிப்பையை நகர்த்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

இல்லத்தின் வாசலில் மேட்ரன் எங்களை வரவேற்றார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் சாவிக்கொத்து, முகத்தில் படபடப்பு. சொந்தக்காரியாக வந்தாலும் மூக்கு மூக்குதானே. நான் வாசலில் நின்று கண்ணை மூடி மூச்சை இழுத்தேன். சோப்பு, வேகவைத்த காய்கறி, முகத்துக்குப் போடுகிற பவுடர். இதில் எது நல்லது, எது கெட்டது என்று யாருக்குத் தெரியும்? கூடத்துக்குள் போய் உட்கார்ந்த பிறகுதான் லேசாக இன்னொன்று வந்தது.

"இருக்கு" என்று அவள் காதில் சொன்னேன்.

"பழசா, புதுசா?"

"கரிக்குது."

அவள் முகம் வெளுத்துவிட்டது. அதே நேரம் மேட்ரன் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்துவிட்டார். பார்த்தாயா என்று மனைவியை இடித்தேன். அடுத்து ஆபீஸ் அறைக்குக் கூட்டிப்போனார். அங்கேயும் அடித்தது. அங்கேயும் மேட்ரன் ஜன்னலைத் திறந்தார். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி, சாய்தளம், தலைமாட்டில் அழைப்பு மணி என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்தார். எனக்கு எதிலும் கண் போகவில்லை. மூக்கு மட்டும்தான் வேலை செய்தது. சொன்னால் சிரிப்பீர்கள், எனக்கு அந்த வேலை பிடித்துவிட்டது.

அக்காவுக்கென்று ஒதுக்கிய அறைக்கு வந்தோம். வெள்ளை விரிப்பு, ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம். பையைக் கட்டிலில் வைத்துவிட்டுக் குனிந்தேன். குப்பென்று அடித்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

"என்னம்மா இது? வயசானவங்களை இப்படியா வெச்சிருக்கறது? எங்க வீட்டுல எங்க அக்காவை நாங்க எப்படிப் பாத்துக்கறோம்னு வந்து பாருங்க. ரூமுக்கு ரூம் ஜன்னலைத் திறந்து விட்டா சரியாப் போச்சா?"

மேட்ரன் மனைவியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "சார், நீங்க கொஞ்சம் உக்காருங்க" என்றார். குற்றமுள்ளவர் முகம் என்று நான் முடிவுகட்டிவிட்டேன்.

மனைவி மட்டும் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். "கூடத்துல அடிச்ச அதே வாடையா?"

"அதேதான்."

"ஆபீஸ் ரூம்லயும்?"

"அதேதான். கூடவும் இல்ல, குறையவும் இல்ல."

"அப்படி இருக்காதுங்க. ஒரு ரூமுக்கு ஒரு ரூம் மாறும். எத்தனை வருஷமா பாக்கறேன், எல்லா ரூம்லயும் ஒரே வாடைன்னு ஒரு ஹோம்கூடப் பாத்ததில்ல." என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். நானும் பையை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். மேட்ரனும் வந்தார். கொடியில் விரிப்புகள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன.

"இங்க?"

மூச்சை இழுத்தேன். பேந்தப் பேந்த விழித்தேன். "இங்கயும்தான் அடிக்குது."

"வெட்டவெளியிலயுமா?"

எனக்கு ஒன்றுமே ஓடவில்லை. காய்ச்சல் எனக்கும் வந்து மூக்கு கெட்டுவிட்டதோ என்றுகூடத் தோன்றியது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் தோளைப் பார்த்தாள். பிறகு தோளில் தொங்கிய பையைப் பார்த்தாள்.

"அதுல என்ன?"

"அக்காவோட சீட் குஷன். இங்க இருக்கற சேருக்குப் பொருந்துதான்னு பாக்கணும், எடுத்துட்டு வாங்கன்னு இவங்கதானே போன்ல சொன்னாங்க."

அவள் பைக்குள் கைவிட்டுக் குஷனை எடுத்து என் மூக்குக்கு நேரே பிடித்தாள்.

"இப்ப?"

கண் கரித்தது.

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்பார்களே, அப்படி நின்றேன். மேட்ரன் கொடியில் இருந்த ஒரு விரிப்பை இழுத்துச் சரிசெய்வது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்கு நாங்கள் உள்ளே வந்தபோதே தெரிந்திருக்கிறது. எங்கள் மானம் போகக் கூடாது என்றுதான் ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்திருக்கிறார். பஸ்ஸில் எழுந்துபோனவரும் எங்கள் பேச்சுக்காகப் போகவில்லை.

"எல்லார் வீட்லயும் நடக்கறதுதான் சார்" என்றார் மேட்ரன். "கூடவே இருந்தா மூக்கு பழகிடும்."

நான் திட்டிய திட்டுக்கு அவர் என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். அவரோ குஷனை வாங்கி ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, வாயைக் கட்டிக் கொடுத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

திரும்பி வரும்போது ஒரே குழப்பம். தினமும் துடைத்தேன். தினமும் துணி மாற்றினேன். பிறகு எதை விட்டேன்? முதுகு பிடித்த பிறகு அவளைத் தூக்காமல் ஒரு பக்கமாக உருட்டித்தான் மாற்றினேன். அடியில் இருந்த விரிப்பை, அந்தக் குஷன் உறையை என்றைக்குக் கடைசியாகத் துவைத்தேன்? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், நினைவுக்கு வரவில்லை. அக்காவை அனுப்புவது நல்லதற்கா, எங்கள் வெட்கத்தை மறைக்கவா என்பதும் புரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகப் பின்னறைக்குப் போனாள். நிலைப்படியில் நின்று, பழக்கதோஷத்தில் ஒரு மூச்சு இழுத்தாள். ஒன்றும் தெரியாமல் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் அவள் பக்கத்தில் போய் நின்று முதல் மூச்சை இழுத்தேன். அடித்தது. அந்த இல்லத்தில் அடித்ததற்குப் பத்து மடங்கு அடித்தது. தலையை ஆட்டினேன்.

"வந்துட்டீங்களா? வெளிய வெயிலா?" என்றாள் அக்கா.

மனைவி கட்டிலைச் சுற்றி வந்தாள். மெத்தையின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்து, மெதுவாகக் கீழே விட்டாள். தண்ணீர்க் குவளை ஜன்னல் திட்டில் இருந்தது. காலையில் நான் வைத்தபடியே நிறைந்திருந்தது. அக்காவின் கை அதுவரை எட்டாது. எட்டாது என்று ஒருநாளும் அவள் சொன்னதில்லை. தண்ணீர் குடித்தால் என்னைக் கூப்பிட வேண்டிவரும், நான் முதுகைப் பிடித்துக்கொண்டு வருவேன் என்று குடிக்காமலே இருந்திருக்கிறாள். மனைவி குவளையை எடுத்துக் கையில் கொடுத்தாள். அக்கா ஒரே மூச்சில் காலி செய்தாள். அதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டு அக்காவின் முகத்துக்கு நேரே உட்கார்ந்தாள். வேலைக்குப் போகிற இடத்தில் எப்படி உட்காருவாள் என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

"அண்ணி, உங்களுக்கு இங்க என்ன குறை?"

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"எனக்கென்னம்மா. ஒரு குறையும் இல்ல."

அதே குரல். லைன் கொடுக்கிற குரல்.

மனைவி நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "நீங்க கொஞ்சம் வெளிய இருங்க" என்றாள்.

வெளியே வந்தேன். கதவு சாத்திக்கொண்டது. கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் சுவரோரமாக நின்றேன். பிறகு அக்கா பேச ஆரம்பித்தாள். என்ன சொல்கிறாள் என்று காதில் விழவில்லை. ஆனால் அது நான் இதுவரை கேட்டிராத குரல், நிறுத்தாமல் பேசிக்கொண்டே போனது.