மூட்டையின் கழுத்தில் ஒரு வழுக்கை

அவளுக்கு எக்ஸ்ரே என்று பெயர் வைத்தவர்கள், அவள் முன்பு வேலை பார்த்த பெரிய கடையின் ஆட்கள். வாசலில் நின்று, வெளியே போகிறவர்களின் பைகளைச் சோதிப்பது அவள் வேலை. பையைத் திறக்கச் சொல்வதற்கு முன்பே முகத்தைப் பார்த்து முடிவு கட்டிவிடுவாள். பெரும்பாலும் சரியாக இருக்கும். தப்பாகிப்போன சமயங்களில் அவள் மன்னிப்பு கேட்டதாக யாரும் கேள்விப்பட்டதில்லை.

பிறகு அந்த வாசலுக்கு ஒரு மெஷின் வந்தது. மெஷினுக்குக் கால் வலிக்காது, லீவும் கேட்காது. எக்ஸ்ரே வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

நாய்களிடம் அவளைக் கொண்டு சேர்த்தவள் நாத்தனார். ஒரு நாய் சலூனில் குளிப்பாட்டும் வேலையில் இருந்தாள். "அண்ணி, வீட்டுல உக்காந்து எங்க அண்ணன் சட்டைப் பையைத் துழாவிட்டு இருக்கறதுக்கு, இங்க வந்து நாய்க் காதைத் துழாவுங்க. உண்ணியாவது கிடைக்கும்" என்று இழுத்துக்கொண்டு போனாள். போன இடத்தில் எக்ஸ்ரேக்கு அந்த வேலை கைவந்துவிட்டது. முடி வெட்டும் கிளிப்பரை எந்தக் கோணத்தில் பிடித்தால் தோல் சுடாது, எந்த நாய் உறுமிவிட்டுக் கடிக்கும், எந்த நாய் உறுமாமலே கடிக்கும் என்பதெல்லாம் சீக்கிரம் பிடிபட்டது. ஆனால் சலூன் முதலாளி ஒருநாள் காரணமில்லாமல் அவளைப் பார்த்துச் சிரித்தார். அவளுக்கு அது பிடிக்கவில்லை. நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்து, தன் வீட்டின் கார் ஷெட்டிலேயே சொந்தக் கடை போட்டாள். அந்த ஷெட்டில் நிறுத்த அவர்களிடம் கார் எதுவும் இருந்ததில்லை. கணவர் பஸ் டிரைவர். ஊர் பஸ்ஸே அவருக்குப் போதும்.

சுவரோரமாக ஒரு குளியல் தொட்டி, அதில் ஏற ஒரு சாய்வுப் பலகை, நடுவில் ரப்பர் விரித்த மேசை, மூலையில் காது கிழிய அலறும் டிரையர். கடை அவ்வளவுதான். நாய்கள் வந்தன. அவற்றோடு பொய்களும் வந்தன.

"தினமும் சீப்பு போட்டு வாருறோம்" என்பார் ஒருவர். எக்ஸ்ரே மெல்லிய பல் சீப்பைத் தோல்வரை இறக்கி இழுப்பாள். அரை விரல் தூரத்தில் சீப்பு நின்றுவிடும். மேலே பட்டு மாதிரி மினுங்கும் முடிக்கு அடியில் கம்பளம் போலச் சிக்கு. "மேல மட்டும் வாரியிருக்கீங்க. அடியில எத்தனை மாசமா கை படல?" என்று கேட்பாள். கேட்ட விதத்தில் பாதிப் பேர் மறுபடி வரவில்லை.

"அண்ணி, நாயைக் குளிப்பாட்டத்தான் கொண்டு வர்றாங்க. வாக்குமூலம் குடுக்க இல்ல" என்று நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள்.

இந்த நிலையில்தான் ஒரு லிஃப்ட் மெக்கானிக் வந்தார். ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். அவர் நாய்க்கு மூட்டை என்று பெயர். பெயருக்கு ஏற்ற உடம்பு; மேசையில் ஏற்றினால் மேசை முனகும், நாய் முனகாது. அதன் கழுத்தை நனைக்கும்போது எக்ஸ்ரேயின் விரல் நின்றது. கழுத்துப் பட்டைக்குக் கீழே, இடது பக்கம், தீப்பெட்டி அளவுக்கு முடி மழிக்கப்பட்டிருந்தது. நடுவில் ஒரு சிவந்த புள்ளி, அதைச் சுற்றி நீலம்.

"இது என்ன?"

"ஒண்ணுமில்ல. சோப்பு ஒத்துக்கல" என்றார் மெக்கானிக். சொல்லும்போது அவர் கண் டிரையரைப் பார்த்தது.

சோப்பு ஒத்துக்கொள்ளாத தோலை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். அது திட்டுத்திட்டாகப் பரவும். நான்கு மூலை வைத்துச் சதுரமாக வராது. அன்றைக்கு வாயை மூடிக்கொண்டாள். அடுத்த முறை அவர் வந்தபோது இடது பக்கம் முடி வளர்ந்திருந்தது. வலது பக்கம் புதிதாக ஒரு சதுரம்.

அன்று சாப்பிடும்போது கணவரிடம் சொன்னாள். "அந்த ஆள் நாயை என்னமோ பண்றாரு."

"ஒரு நாயை வெச்சு ஒரு மனுஷன் என்னத்தப் பண்ணிட முடியும்?"

"மருந்து கம்பெனிக்கு வாடகைக்கு விடலாம். ஊசி போட்டுச் சண்டைக்குப் பழக்கலாம்."

"மூட்டையையா? அது, மேல ஈ உக்காந்தாக்கூட விரட்டாது!"

"அதனாலதான் சொல்றேன். சாதுவா இருக்கறதுக்கே ஊசி போடறாரோ என்னமோ."

பஸ் டிரைவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். வளைவில் ஹாரன் அடித்தும் விலகாத லாரியோடு மல்லுக்கட்டக் கூடாது என்பது அவர் கொள்கை.

அவளுக்கு மனம் ஆறவில்லை. மறுநாள், நாத்தனார் டீ வாங்கப் போன நேரம் பார்த்து, மெக்கானிக் கொடுத்திருந்த வீட்டு எண்ணுக்கு ஃபோன் போட்டாள். எடுத்தது அவர் மனைவி.

"உங்க நாய் கழுத்துல யாரோ ஊசி குத்தறாங்க. உங்களுக்குத் தெரியுமா?"

"சோப்பு ஒத்துக்கலன்னு சொன்னாரே... ஆமா, அவர் உங்க கடைக்கு என்னைக்கு வருவாரு?"

"எப்பவும் சனிக்கிழமை. வரும்போது காயம் ரெண்டு நாள் பழசா இருக்கும்."

"அப்ப வியாழக்கிழமை" என்றாள் மனைவி மெதுவாக. "அப்பப்ப ஒரு வியாழக்கிழமை, மூட்டையை வாக்கிங் கூட்டிட்டுப் போயிட்டு வர்றேன்னு சொல்லிட்டு அரை நாள் காணாமப் போவாரு."

ஃபோனை வைத்தபோது உலகத்தில் சந்தேகப்படுகிற பெண்கள் இரண்டு பேராகியிருந்தார்கள்.

வாரங்கள் கழித்து ஒரு வியாழக்கிழமை மனைவி தன் சின்னக் காரை ஷெட் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாள். "கிளம்பிட்டாரு. ஏறுங்க." தொட்டியில் நுரையோடு நின்ற நாயை நாத்தனார் கையில் ஒப்படைத்துவிட்டு எக்ஸ்ரே ஈரக் கையோடு ஏறினாள். மெக்கானிக்கின் வண்டி இரண்டு வண்டிகளுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. பின் கண்ணாடியில் மூட்டையின் தலை நிதானமாக ஆடியது.

"எனக்குச் சந்தேகம் நாய் விஷயத்துல இல்ல" என்றாள் மனைவி, சாலையைப் பார்த்தபடியே. "ஒரு நாயைக் கூட்டிட்டுப் போனா யாரும் எதுவும் நினைக்க மாட்டாங்க, பாருங்க. புரியுதா?"

எக்ஸ்ரேக்குப் புரிந்தது. தான் அந்தத் திசையில் யோசிக்கவே இல்லையே என்று கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

வண்டி கால்நடை மருத்துவமனையின் பின்பக்கம் போய் நின்றது. நோயாளிகள் போகும் முன்வாசல் அல்ல. துணிமூட்டைகளும் காலி டப்பாக்களும் அடுக்கிய பின்வாசல். மெக்கானிக் கதவைத் தட்டினார். ஒரு பெண் திறந்தாள், அவரைப் பார்த்துச் சிரித்தாள், நாயோடு உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினாள். மனைவியின் முகம் சுண்டிப்போயிற்று. எக்ஸ்ரே காத்திருக்கவில்லை. நேராகப் போய்க் கதவைத் தள்ளிவிட்டாள். நடைபாதையின் கடைசியில் ஓர் அறை திறந்திருந்தது.

மேசைமேல் மூட்டை பக்கவாட்டில் படுத்திருந்தது. கழுத்தில் புதுச் சதுரம், அதிலிருந்து ஒரு குழாய். கீழே தொங்கிய பையில் ரத்தம் நிறைந்துகொண்டிருந்தது. மெக்கானிக் குனிந்து நாயின் தலையைக் கட்டிப்பிடித்தபடி அதன் காதில் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். கதவைத் திறந்த பெண்தான் டாக்டர். அவள் தலையைத் திருப்பாமலே சொன்னாள்: "யாரா இருந்தாலும் அப்படியே நில்லுங்க. சத்தம் வேண்டாம். நாய் துள்ளுனா ஊசி நழுவிடும்."

நின்றார்கள். பை நிறையும்வரை நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, பேச முடியாமல் நின்றார்கள். மூட்டை மட்டும் மனைவியைக் கண்டதும் வாலால் மேசையை மெதுவாகத் தட்டியது.

ஊசியை எடுத்துக் கட்டுப் போட்ட பிறகு டாக்டர் விவரம் சொன்னாள். பக்கத்து அறையில் வண்டி மோதிய நாய் ஒன்று கிடக்கிறது. அதற்குப் போகிறது இந்த ரத்தம். நாய்க்கு நாய்தான் கொடுக்க வேண்டும். இவ்வளவு பெரிய உடம்பும் இவ்வளவு பொறுமையும் உள்ள நாய் கிடைப்பது அபூர்வம். மூட்டையால் இதுவரை எத்தனையோ நாய்கள் எழுந்து நடந்திருக்கின்றன.

மனைவிக்கு உயிர் திரும்பி வந்தது. "இதுல மறைக்க என்ன இருக்கு? நல்ல காரியம்தானே?"

"நீ ரத்தம் பாத்தா மயங்கி விழுவ. அதான்" என்றார் மெக்கானிக்.

விஷயம் அங்கே முடிந்திருக்கலாம். ஆனால் எக்ஸ்ரே அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கண் இப்போதும் மனைவியைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தது. அவள் வாய் பழக்கதோஷத்தில் திறந்துகொண்டது. "இவர் இன்னும் முழுசாச் சொல்லல."

மனைவி திரும்பினாள். "என்னங்க?"

மெக்கானிக் மூட்டையின் கட்டைச் சரிசெய்தார். சரியாக இருந்த கட்டுதான். பிறகு, நாயிடம் பேசுவது போலச் சொன்னார். "மூட்டைக்கு முன்னாடி நம்மகிட்ட இருந்தவன்... வயசாகி இதயம் நின்னு போச்சுன்னு சொன்னேன்ல. அப்படி இல்ல. எலி மருந்து தின்னுட்டான். உள்ளுக்குள்ள ரத்தம் கசிஞ்சுட்டே இருந்துச்சு. ரத்தம் ஏத்துனா பொழைப்பான்னாங்க. அன்னைக்கு எங்கயும் கிடைக்கல."

வீட்டில் எலி மருந்து வைத்தது யார் என்று யாரும் கேட்கவில்லை. மனைவி சுவரோரம் இருந்த முக்காலியில் உட்கார்ந்தாள். அலமாரிக்குப் பின்னால்தான் வைத்தேன், அலமாரிக்குப் பின்னால்தான் வைத்தேன் என்று இரண்டு தடவை சொன்னாள். மெக்கானிக் நிமிர்ந்து எக்ஸ்ரேயைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலை போலிருந்தது. வாசலில் நின்ற காலத்தில், பையைத் தலைகீழாகக் கொட்டியும் எதுவும் கிடைக்காமல் போனவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். இங்கே பையிலிருந்து சாமான் விழுந்துவிட்டது. ஆனாலும் பார்வை அதேதான்.

"மன்னிச்சிடுங்க" என்றாள். அந்தச் சொல் அவள் வாயில் புதுச் செருப்பு மாதிரி கடித்தது.

பஸ் பிடித்து வீடு திரும்பினாள். இனி அவர்கள் வரமாட்டார்கள் என்றுதான் நினைத்தாள். ஆனால் முடி வளரும் காலம் கழிந்ததும் மூட்டை வந்தது. கூட்டிவந்தவள் மனைவி. மெக்கானிக் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார். அதன்பிறகு அவர் ஒருமுறைகூட அந்த ஷெட்டுக்குள் கால் வைக்கவில்லை.

"வீட்ல எப்படி இருக்கு?" என்று நாத்தனார் பட்டென்று கேட்டுவிட்டாள். எக்ஸ்ரே கேட்கத் துணியாத கேள்வி.

"தெரிஞ்சது நல்லதா கெட்டதான்னு நான் இன்னும் முடிவு பண்ணல" என்றாள் மனைவி. "ஆனா அந்த வியாழக்கிழமையெல்லாம் நான் நினைச்சிட்டிருந்ததுக்கு இது எவ்வளவோ மேல்."

இதற்கிடையில் கடைக்குப் புது நாய்கள் வர ஆரம்பித்தன. எல்லாரும் ஒரே மாதிரி, "டாக்டரம்மா அனுப்புனாங்க" என்றார்கள். எக்ஸ்ரேக்கு மூளை அரித்தது. காரணமில்லாமல் ஒருத்தி ஏன் அனுப்ப வேண்டும்? பொறுக்க முடியாமல் ஒருநாள் நேரே போய்க் கேட்டேவிட்டாள். "என்கிட்ட உங்களுக்கு என்ன வேணும்?"

டாக்டர் சிரித்துவிட்டாள். "நகம் வெட்டத் தெரிஞ்ச ஆள் வேணும். எங்க ஆளுங்க வாரத்துக்கு ஒரு கடி வாங்கறாங்க. வாரத்துல ஒரு நாள் வாங்களேன்."

எக்ஸ்ரே வீட்டுக்கு வந்து யோசித்தாள். இதில் வேறு எதுவும் இல்லையா என்று கணவரைக் கேட்டாள், நாத்தனாரைக் கேட்டாள். வேறு எதுவும் இல்லை என்று தெரிந்தபிறகும் இரண்டு நாள் கழித்தே ஒத்துக்கொண்டாள். டாக்டர் ஒதுக்கிய நாள் வியாழக்கிழமை.

ஒரு வியாழக்கிழமை அவள் முரட்டுக் குட்டை நாய் ஒன்றின் பின்னங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தபோது, அடுத்த அறையில் மூட்டை இருந்தது. கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. மனைவி ரத்தப் பை கண்ணில் படாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, நாயின் வயிற்றில் கை வைத்திருந்தாள். மெக்கானிக் தலைப்பக்கம் இருந்தார். அவர் மனைவியிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். அவள் சுவரைப் பார்த்தபடியே இன்னொரு கையை நீட்டினாள்.

எக்ஸ்ரே எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

ஆனால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று பஸ்ஸில் வழிநெடுக யோசித்துக்கொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்ததும் நாத்தனாரிடம் கேட்டாள். நாத்தனார் டிரையரைப் போட்டுவிட்டாள்.