இடப்பக்கத்து ஸலாம்

அந்த நாட்களில், அவன் எங்கே நிற்கிறான் என்று பார்த்துவிட்டுத்தான் பள்ளிவாசலுக்குள் காலே வைப்பேன். அவன் முன்வரிசை என்றால் நான் கடைசி. தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவுக்கு இருப்பது சின்னப் பள்ளி. ஒருவனுக்கு ஒளிந்து தொழ அங்கே இடம் போதாது.

வேலை தேடி வந்தவன் அவன். திருவொற்றியூரில் நான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய கன்டெய்னர் யார்டில், என் பேச்சை நம்பித்தான் சேர்த்தார்கள். தங்க இடமில்லாமல் நின்றவனை எங்கள் வீட்டு முன்னறையில் படுக்கவைத்தேன். எனக்கு எடுத்து வைத்த மீனில் பாதி அவன் தட்டுக்குப் போகும். "நீதாண்ணே எனக்கு அத்தா மாரி" என்பான். அப்பா ஸ்தானத்தில் வைக்கிறானே என்று எனக்கும் அது மண்டைக்கு ஏறித்தான் இருந்தது.

ஒரு நாள் என் வண்டியை எடுத்துத் தவறாகத் திருப்பி, சரக்கு இருந்த பெட்டியைக் குத்திக் கிழித்துவிட்டான். மானேஜர் விசாரித்தபோது, ஓட்டியது நான் என்று கூசாமல் சொன்னான். கத்தினேன், மேசையைத் தட்டினேன். தட்டியதுதான் மிச்சம். வேலை போயிற்று. என் இடத்தில் அந்த வண்டியை ஓட்ட அவனையே வைத்தார்கள். எங்கள் முன்னறையைக் காலி செய்து போனவன், தொழ மட்டும் இதே பள்ளிக்கு வந்தான்.

அப்புறம் நான் ஷேர் ஆட்டோக்காரன். எண்ணூர் சாலையில் டிரெய்லர்களுக்கு நடுவே ஓட்டும்போதும் மனசுக்குள் அவனோடு சண்டைதான். சஜ்தாவில் நெற்றி தரையில் இருக்கும், வாய் ஓதும், உள்ளே அவன் சட்டையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருப்பேன்.

"இன்னா, இன்னும் அவனயே நென்ச்சிகினு கீறீங்களா?" என்றாள் மனைவி.

"துண்ண மீன மறந்துட்டாம்மே அவன்."

"மறந்துட்டுப் போறான். நாம சோறு போட்டது அல்லாவுக்காவ. அவங்கிட்ட இன்னாத்துக்குக் கேட்டுகினு நிக்கிறீங்க?"

நியாயம்தான். நியாயமாக இருந்ததால் இன்னும் எரிச்சல் வந்தது.

ஒரு மழை நாளில், பொழுது சாய்ந்ததும் தொழும் மஃரிபுக்குத் தாமதமாக ஓடினேன். "தோளோடு தோள் சேருங்க, எடவெளி வுடாதீங்க" என்றார் இமாம். ஒரே ஒரு இடம்தான் காலி. அதற்கு இடப்பக்கம் அவன். திரும்பிப் போய்விடலாமா என்று கால் இழுத்தது. இவனுக்குப் பயந்து அல்லாஹ்வின் வீட்டிலிருந்தே ஓடுவதா என்று என் மேலேயே கோபம் வந்தது. நுழைந்து, விரற்கடை தள்ளியே நின்றேன். அடுத்த பக்கத்துக்காரர் நெருக்கியதில் தோள் பட்டது. அவன் சட்டையில் யார்டின் டீசல் வாசனை.

தொழுகையை முடிக்க முகத்தை இரண்டு பக்கமும் திருப்பி, உங்கள் மீது சாந்தி உண்டாகட்டும் என்று ஸலாம் சொல்ல வேண்டும். பக்கத்தில் இருப்பவருக்கும் சேர்த்துத்தான் அது. வலப்பக்கம் சுலபமாக வந்தது. இடப்பக்கம் கழுத்து வரவில்லை. யா அல்லாஹ், அந்தச் சோற்றை நீ பார்த்தாய், எனக்கு அது போதும், இவன் எதுவும் தர வேண்டாம் என்று உள்ளுக்குள் சொன்னேன். திரும்பினேன். ஸலாமும் சொன்னேன்.

அவனும் இடப்பக்கம் திரும்பியிருந்ததால் பிடரிதான் தெரிந்தது. சற்று முன் நான் வலப்பக்கம் பார்த்திருந்தபோது அவன் முகம் என் முதுகைப் பார்த்துத்தான் ஸலாம் சொல்லியிருக்கும் என்பது அப்போதுதான் உறைத்தது.

என்னைப் பார்க்காமலே எழுந்து செருப்பைத் தேடிப் போனான். கோபம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். மறுநாள் அவன் எங்கே நிற்கிறான் என்று பார்க்காமல் உள்ளே போனேன்.