கொலுவுக்கு ஏழு விளக்கு

அந்த நவராத்திரி சாயங்காலம் நடந்தவை இந்த வரிசையில் நடந்தன:

1. சித்தப்பா கொலுப்படிக்கு மேலே ஒன்பது மின்விளக்குகளைத் தோரணமாகக் கட்டினார்.
2. ஏணியை நகர்த்தும்போது ஒன்று உடைந்தது.
3. மிச்சம் எட்டு என்றதும் அம்மா இன்னொன்றையும் எடுக்கச் சொன்னாள்.
4. அக்காவைப் பார்க்க வந்தவர்கள் சுண்டலைக் கையில் வாங்கியபோது ஏழும் அணைந்தன.
5. அக்கா பேசிவிட்டாள்.

ஐந்தாவதைத்தான் வீட்டில் விபத்தாகக் கருதினார்கள். அதற்கு முன் வந்த இடம், "பொண்ணு நிறையக் கேள்வி கேக்கறா" என்று சொல்லியனுப்பிவிட்டு விலகியிருந்தது. ஆகவே இந்த முறை அக்கா வாயைத் திறக்கக்கூடாது என்பது அம்மாவின் உத்தரவு. வருகிறவர்கள் ஹவுராக்காரர்கள், பையனுக்கு ரயில் உத்தியோகம். கொலு பார்க்க வருவதாகப் பெயர். பிடிக்கவில்லையென்றால் சுண்டலோடு முடிந்துவிடும், இரு தரப்புக்கும் சங்கடம் இல்லை.

பவானிபூரில் நாங்கள் குடியிருந்த கீழ்வீட்டுக்கு அந்த வருஷம்தான் மின்சாரம் வந்தது. சித்தப்பா ஆங்கிலேயக் கம்பெனி ஒன்றில் குமாஸ்தா; மின்சாரத்தை அவர் தன் சொந்தக் கண்டுபிடிப்பு போல நடத்தினார். ரயில்பெட்டிகளில் எரிகிற சின்ன விளக்குகளை எங்கிருந்தோ வாங்கி வந்து, கூடத்தில் இருந்த ஒரே விளக்கைக் கழற்றிவிட்டு, அந்த இடத்திலிருந்து கம்பியை இழுத்து, விளக்குகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தார். அக்காதான் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொண்டே கேள்வியும் கேட்டாள்.

எட்டு என்று கேட்டதுமே அம்மா சமையலறையிலிருந்து வந்துவிட்டாள்.

"நல்ல காரியத்துக்கு எட்டா? ஒண்ணை எடுத்துடு."

"எடுத்தா மத்ததுக்கு பாரம் ஜாஸ்தியாகும், மன்னி."

"விளக்குக்கு என்ன பாரம்? ஏழாக்கிடு, போறும்."

"ஏழு தாங்காதும்மா" என்றாள் அக்கா.

"நீ போய்த் தலையைப் பின்னிக்கோ. உன்னை யாரு கேட்டா?"

சித்தப்பா ஒன்றை எடுத்துவிட்டுக் கம்பியை முடிச்சுப் போட்டார். ஏழும் முன்னைவிடப் பளிச்சென்று எரிந்தன. அம்மா சித்தப்பாவைப் பார்த்த பார்வையில் வெற்றி இருந்தது. குறைந்தால் வெளிச்சம் கூடும் என்று நானும் புரிந்துகொண்டேன்.

கல்லூரியில் இயற்பியல் படித்த பிறகு அந்தத் தோரணத்தைக் காகிதத்தில் போட்டுப் பார்த்திருக்கிறேன். வீட்டுக்கு வந்தது இருநூற்று இருபது வோல்ட். கோத்திருக்கும் விளக்குகள் எத்தனையானாலும் அவை அதை முழுவதுமாகப் பங்கிட்டுக்கொண்டாக வேண்டும். ஒன்பது பேருக்குப் பங்கு இருபத்துநான்குதான். அந்த விளக்குகள் செய்யப்பட்டதும் அதற்கே. ஏழு பேர் என்றால் முப்பத்தொன்று. அந்தப் பளிச்சு சந்தோஷத்தால் வந்ததல்ல.

வந்தவர்கள் ஜமக்காளத்தில் உட்கார்ந்தார்கள். அக்கா நமஸ்காரம் செய்துவிட்டுக் கதவோரம் தலைகுனிந்து நின்றாள். தெருக்கோடிப் பூஜைப் பந்தலில் தாக் மேளம் கேட்டுக்கொண்டிருந்தது. நடு விளக்கு ஒருமுறை நீலமாக மின்னியது. அவ்வளவுதான், ஏழும் போயின. குத்துவிளக்கின் வெளிச்சத்தில் பொம்மைகளின் கால்கள் மட்டும் தெரிந்தன.

"கீ ஹோலோ, தீதி?" என்று மாடியிலிருந்து வீட்டுக்கார மாஷிமா என்ன ஆச்சென்று விசாரித்தாள். அவளுக்கு அப்பா ஏதோ சமாதானம் சொன்னார். சித்தப்பா ஏணி கொண்டுவர ஓடினார். அப்போது பையன் பொதுவாகக் கேட்டார்:

"ஒரு விளக்குதானே போச்சு. எல்லாம் ஏன் அணைஞ்சுது?"

அப்பா தொண்டையைக் கனைத்தார். பதில் கதவோரத்திலிருந்து வந்தது.

"இருக்கறது ஒரே வழி. ஒண்ணுல போற கரண்ட்தான் அடுத்ததுலயும் போகும். ஒரு இடத்துல அறுந்தா யாருக்கும் இல்லை. ஏழு தாங்காதுன்னு அப்பவே சொன்னேன்."

இருட்டில் அம்மாவின் வளையல் ஒலித்தது. அக்காவைக் கிள்ளியிருக்க வேண்டும்.

"கிள்ளாதேங்கோ மாமி" என்றாள் பையனின் அம்மா. "கேட்டதுக்குத்தானே சொல்றா. இவனும் வீட்டுல இப்படித்தான், வாய் ஓயாது."

அவர்கள் போன பிறகு அம்மா அழுதாள். இந்த இடமும் போய்விட்டது என்று நானும் கூட அழுதேன். அழுகைக்கு நடுவில் எனக்கு ஒரு பரிதாபமும் இருந்தது: ரயில் உத்தியோகம் பார்க்கிறவருக்கு இதுகூடவா தெரியாது? மறுநாள் காலையில் சம்மதம் என்று ஆள் வந்தபோது, தெரியாததைச் சொல்லிக்கொடுத்த நன்றிக்காக என்று நினைத்துக்கொண்டேன்.

அவருடைய உத்தியோகமே ரயில்பெட்டிகளின் விளக்குகளைக் கவனிப்பதுதான் என்பது கல்யாணத்தில் தெரிந்தது. தெரிந்த விஷயத்தை ஒருவர் எதற்கு அத்தனை பேருக்கு நடுவில் கேட்கவேண்டும் என்பது அப்போதும் எனக்கு விளங்கவில்லை.

அக்கா ஹவுராவில் இருக்கிறாள். இன்னும் நிறையப் பேசுகிறாள். அத்திம்பேர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.